நான் சொல்லாத பெயர்

புரட்டாசி 2, வியாழன்

காலையிலிருந்து மூடாக்கு. மழை இல்லை. மக்காச்சோளத்துக்குக் களை வெட்ட ஐந்து பேர் வருவதாகச் சொல்லி இரண்டு பேர்தான் வந்தார்கள். குருத்தில் புழு. மருந்து அடிக்க ஆள் சொல்ல வேண்டும்.

வாங்க: உப்பு, தீப்பெட்டி, முழங்கால் தைலம், செல்லுக்கு ரீசார்ஜ்.

மதியம் ஜெர்மனியிலிருந்து மகன் குமரேசன் போன். எட்டாம் மாதமே பிறந்துவிட்ட பேத்தி இன்னும் ஆஸ்பத்திரியில், கண்ணாடிப் பெட்டியில்தான். எடை கொஞ்சம் கூடியிருக்கிறதாம். மூக்கில் குழாய் எடுக்கவில்லை. யாழினி என்று பெயர் வைத்தாயிற்று. ஆனால் அந்த ஊரில் யாழினி மட்டும் போதாதாம். குடும்பப் பெயர் ஒன்று பின்னால் வேண்டுமாம்.

“என் பாஸ்போர்ட்ல இருக்கறத வைக்கலாம், இல்லன்னா நிவேதாவோடத வைக்கலாம். ரெண்டுல ஒண்ணும்மா. சீக்கிரம் எழுதிக் குடுக்கணும்.”

குமரேசன் பாஸ்போர்ட்டில் பின்னால் இருப்பது அவர் பெயர். இங்கே முன்னால் ஓர் எழுத்தாக நிற்கிற அப்பா பெயர் அங்கே முழுசாகப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்கிறது. ஆபீசில் இவனை யாரும் குமரேசன் என்று கூப்பிடுவதில்லையாம். அப்பா பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்களாம். வெள்ளைக்காரப் பெண்கள்கூட.

மருமகள் நிவேதாவின் பாஸ்போர்ட்டில் பந்தலார் என்று இருக்கிறது. அரியலூரில் அவர்கள் வீட்டுப் பெயர். அவள் தாத்தா அவளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போதே போட்டுவிட்டாராம். முன்யோசனைக்காரர்.

“நிவேதா அம்மா பந்தலாரே நல்லா இருக்குங்கறாங்க.”

நீ என்ன சொல்கிறாய் என்று கேட்டேன். எனக்கு எதுவாக இருந்தால் என்னம்மா, பிள்ளை பிழைத்தால் போதும் என்றான். சரிதான். ஆனாலும் எதுவாக இருந்தால் என்ன என்றது சாயங்காலம் வரை காதிலேயே இருந்தது.

புரட்டாசி 3, வெள்ளி

வெயில். வரப்பில் வழுக்கி விழப் பார்த்தேன். விழவில்லை.

களை வெட்டும்போது அஞ்சலையிடம் சொன்னேன், அரியலூர்க்காரர்களுக்குக் குடும்பப் பெயர் இருக்கிறதாம் என்று. அவள் சிரித்தாள். நம் தெருவில் யாருக்கு இல்லை என்றாள். உண்மைதான். எண்ணிப் பார்த்தோம்.

கொழும்பார் வூடு. அவர்கள் பாட்டன் கொழும்புக்குப் போய் ஒரு குடையோடு திரும்பி வந்தவர்.
மிளகா வூடு. காயப்போட்டிருந்த மிளகாயை மழைக்குப் பயந்து வீட்டுக்குள் அள்ளிக் கொட்டித் தெரு முழுக்கத் தும்ம வைத்தவர்கள்.
மேலக்கிணத்து வூடு. கிணறு தூர்ந்துவிட்டது. பெயர் தூரவில்லை.
வாலிகண்டபுரத்தில் என் பிறந்த வீடு ஒத்தப்பனை வூடு. நான் ஒத்தப்பனை வூட்டுப் பெண் என்றால் கோயில் வரைக்கும் வழி விடுவார்கள். கல்யாணத்தோடு அது போயிற்று.

எங்கள் வீட்டுக்குத் தனிப் பெயர் இல்லை. அவர் பெயரைச் சொல்லி அவர் வூடு என்பார்கள். அவர் போய் நான்கு வருஷம் ஆகியும் அப்படித்தான். பால்காரன், கரண்டுக்காரன், ஓட்டு கேட்டு வருகிறவன், எல்லார் வாயிலும் வருகிறது. நான்தான் சொன்னதில்லை. கல்யாணம் ஆன நாள் முதல் சொன்னதில்லை. ரேஷன் கடையில் கேட்டால் கார்டை நீட்டுவேன். எழுதினதும் இல்லை. இதிலும் அவர் என்றே போடுகிறேன்.

நிவேதாவின் அம்மாவைச் சம்பந்தியம்மா என்று முழுசாக எழுதினால் கை வலிக்கிறது. இனி ச.அம்மா.

புரட்டாசி 5, ஞாயிறு

அரியலூர் போய் வந்தேன். குன்னத்தில் பஸ் ஏறினேன். உட்கார இடம் கிடைத்தது. சிமெண்டு லாரி முன்னால் போய் வழியெல்லாம் வெள்ளைத் தூசி. பின் சீட்டில் ஒருத்தி இன்னொருத்தியிடம், “அவ மாமியாக்காரி சாவுற வரைக்கும் இவளுக்கு அந்த வூட்ல பேரே இல்ல, ஏ புள்ளதான்.” இறங்கும் வரை அதையே திருப்பித் திருப்பிச் சொன்னாள்.

கொண்டுபோனது: சின்ன வெங்காயம் ஒரு பை (இந்த வருஷத்துக் காய், நல்ல சிவப்பு), முருங்கைக்கீரை, நிலக்கடலை.

பேத்தி விஷயம் பேசத்தான் போனேன். போனதும் வாசலில் பலகை. பந்தலார் இல்லம். கருங்கல்லில் வெட்டித் தங்க நிறம் அடித்திருக்கிறது. கல்யாணத்தின்போது கவனிக்கவில்லையா, இப்போதுதான் வைத்தார்களா, தெரியவில்லை. கேட்கவும் இல்லை.

ச.அம்மா ஹைஸ்கூல் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டிலேயே இஸ்திரி போட்ட சேலை. ஐப்பசியில் ஜெர்மனிக்கு டிக்கெட் போட்டாயிற்றாம். என்னையும் கூப்பிட்டார்கள். முழங்கால் இருக்கிற லட்சணத்துக்கு நான் எங்கே.

“வாங்க சம்பந்தி. பஸ்லயா வந்தீங்க? ஒரு வார்த்தை சொல்லிருந்தா கார் அனுப்பிருப்பேனே.” அப்புறம் உள்ளே திரும்பி, “செல்வம், யாரு வந்திருக்காங்க பாருங்க.”

செல்வம் என்பது அவர் வீட்டுக்காரர் பெயர். பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார். அந்த மனிதரும் சந்தோஷமாகக் காபித் தம்ளரோடு வருகிறார். ஒருவரை ஒருவர் இப்படியும் கூப்பிட்டுக்கொண்டு ஓர் ஆயுசு வாழ்ந்திருக்கிறார்கள்.

கண்ணாடி அலமாரியில் ஒரு பித்தளைச் சொம்பு. புளி போட்டுத் தேய்த்த பளபளப்பு. அதுதான் குடும்பப் பெயரின் கதை. அவர்கள் முப்பாட்டனார் ஜெயங்கொண்டம் சாலையில் சித்திரை வெயிலில் பந்தல் போட்டு, வண்டிக்காரர்களுக்கு நீர்மோர் ஊற்றினவராம். யார் எந்த ஊர் என்று கேட்காமல் ஊற்றினாராம். அதனால் பந்தலார். டீச்சர் அல்லவா, பாடம் மாதிரி ஒழுங்காகச் சொன்னார். நானும் தலையாட்டினேன். மனசுக்குள், வெங்காயம் எடுக்க வருகிறவர்களுக்கு நானும்தான் வருஷா வருஷம் கூழ் ஊற்றுகிறேன், யாரும் எனக்குப் பலகை வெட்டவில்லை என்று ஓடிற்று.

பிறகு மெதுவாகக் கேட்டார். அந்த ஊரில் பெயருக்கு அர்த்தம் கேட்பார்களாம். உங்கள் வீட்டுக்காரர் பெயருக்கு என்ன அர்த்தம் என்று கேட்டார். கேட்டபோது அவர் பெயரை முழுசாகச் சொன்னார். நிறுத்தி, ஒவ்வோர் எழுத்தாக, சுத்தமாக. பேச்சுக்கிடையில் இரண்டு முறை, மூன்று முறை. நான் கூட வாழ்ந்த மனிதரின் பெயர் அந்த அம்மா வாயில் வெற்றிலை மாதிரி புரள்கிறது.

பெருமாள் பெயர் என்றேன்.

“அப்படியா? நான் வேற மாதிரி கேள்விப்பட்டிருக்கேன் சம்பந்தி. புள்ள தங்காத வூட்ல, கழிச்சுப் போட்டதுன்னு வைக்கிற பேரும்பாங்க.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். கேலி இல்லை போலத்தான் இருந்தது. அதுதான் ஆத்திரம். கேலியாக இருந்தால் பதில் வைத்திருந்தேன்.

பேத்தி விஷயம் பேசாமலே வந்துவிட்டேன். பையை மடித்துக் கொடுத்தார்கள். உள்ளே ஒரு டஜன் மாதுளை.

புரட்டாசி 6, திங்கள்

மழை. நல்ல மழை. பயிருக்கு ஆயிற்று.

சமைக்கவில்லை. நேற்றுச் சோறு, மோர், வெங்காயம்.

அவர் போட்டோவைத் துடைத்தேன். மூக்கின் இடது பக்கம் ஒரு சின்னக் குழி. போட்டோவிலும் தெரிகிறது. என்ன என்று கல்யாணமான புதிதில் கேட்டபோது அம்மைத் தழும்பு என்றார். அம்மைத் தழும்பு முகத்தில் ஒன்றே ஒன்றுதானா வரும் என்று அப்போது தோன்றவில்லை.

ஒன்றும் தெரியாத மாதிரி எழுத மாட்டேன். குப்பையில் போட்டு எடுத்த பிள்ளைகளுக்கு அந்தப் பெயர் வைப்பார்கள் என்று எனக்கும் தெரியும். ஆனால் பெருமாளுக்கு வேண்டிக்கொண்டும் வைக்கிறார்கள். இவருக்கு எது என்று கேட்டதில்லை. மாமியாரும் சொன்னதில்லை. அரியலூர் டீச்சர் கேட்டு நான் முழிக்க வேண்டியிருக்கிறது.

எறையூரில் பெரிய நாத்தனார் இருக்கிறார். அவர் அக்கா. நாளைக்கு மழை விட்டால் போகலாம்.

புரட்டாசி 8, புதன்

நேற்று மழை விடவில்லை. இன்று போனேன். பெரம்பலூரில் பஸ் மாறி ஏறினேன். வாலிகண்டபுரம் தாண்டும்போது கோயில் கோபுரம் தெரிந்தது. இறங்கவில்லை.

சர்க்கரை ஆலை இன்னும் அரைவை தொடங்கவில்லை. புகை இல்லை. ஊரே தூங்குகிறது. நாத்தனார் மட்டும் விழிப்பு. கண் சரியில்லை, காது கத்தி மாதிரி. செருப்புச் சத்தம் கேட்டே, “செல்லம்மாவா? காரியம் இல்லாம வரமாட்டியே” என்றார்.

விஷயம் சொன்னேன். உங்கள் தம்பி பெயர் எப்படி வந்தது, அண்ணி, என்று கேட்டேன். உடனே சொல்வாரா. அரை மணி நேரம் மருமகளைத் திட்டினார். முறுக்கு கடினமாக இருக்கிறதாம். அப்புறம்:

“குப்பா பேரா? அவன் நான் எடுத்த புள்ளடி.”

இந்த அம்மா எப்போதும் இப்படித்தான். குப்பா, டேய் குப்பா. என் கல்யாணப் பந்தலிலேயே அப்படித்தான் கூப்பிட்டார். எனக்கு அன்றிலிருந்தே பிடிக்காது.

நாத்தனாருக்குப் பின் மூன்று பிள்ளைகள். ஒன்றும் தங்கவில்லை. நான்காவதாக இவர். பிறந்ததும் மருத்துவச்சி முறத்தில் போட்டு, மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் குப்பைமேட்டில் கொண்டுபோய் வைத்தாள். வேண்டாம் என்று போட்டதை வேறு வீட்டார் யாராவது எடுக்க வேண்டும். எடுத்தவரிடம் தாய் தவிடு கொடுத்து வாங்கிக்கொள்ள வேண்டும். அதுதான் முறை. ஆனால் அன்றைக்கு யாரும் வரவில்லை. மூன்று பிள்ளை போன வீடு, நமக்கு ஒட்டிக்கொள்ளும் என்று தெருவே கதவைச் சாத்திக்கொண்டது. பிள்ளை குப்பையில் கிடந்து கத்துகிறது. நாத்தனார் அப்போது பாவாடை கட்டின சின்னப் பெண். பார்த்துக்கொண்டே நின்றவர் ஓடிப்போய் எடுத்துவிட்டார்.

“எங்கம்மா ஒரு படி தவிடு அளந்து குடுத்துச்சு. சொந்த வூட்டுப் புள்ளையே எடுக்கக் கூடாதுன்னு மருத்துவச்சி கத்துறா. நான் குடுக்கமாட்டேங்கறேன். ரெண்டாம் படி அளந்த பொறவுதான் குடுத்தேன்.”

மூக்கையும் அன்றைக்கே குத்தி ஒரு கம்பி வளையம் போட்டார்களாம். பள்ளிக்கூடத்தில் பையன்கள் பொம்பளை என்று கேலி பண்ண, இவரே இழுத்து அறுத்துக்கொண்டாராம். அம்மைத் தழும்பு.

எதற்கு அப்படி ஒரு பெயர் என்று கேட்டேன். தெரிந்துதான் கேட்டேன். நாத்தனார் வாயால் வர வேண்டும் என்று.

“எமன் வந்து பாத்தா, இது குப்பைன்னு போயிடணும். அவனுக்கு வேணாம். எங்களுக்கு வேணும். அதுக்கு வச்ச பேரு. இது தெரியாமயா அவனோட குடும்பம் நடத்துன?”

தெரியாமல்தான் நடத்தினேன். அவருக்கு என்ன காய் பிடிக்கும், எந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுப்பார், கோபம் வந்தால் எந்தக் காது சிவக்கும், எல்லாம் தெரியும். இது தெரியாது. அக்காவிடம் இருந்திருக்கிறது. பெயரும் அக்காவுக்கு, கதையும் அக்காவுக்கு.

பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பியே வந்தேன். பக்கத்தில் இருந்த பெண் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். வேண்டாம் என்றேன். பிறகு வாங்கிக் குடித்தேன்.

புரட்டாசி 9, வியாழன்

காலையில் மருந்து அடித்தார்கள். கை கால் கழுவாமல் சாப்பிட உட்கார்ந்தான் ஒருவன். எழுப்பி விட்டேன்.

மதியம் குமரேசனைக் கூப்பிட்டு எல்லாம் சொன்னேன். குப்பைமேடு, முறம், தவிடு, வளையம். அப்பா என்னிடமும் சொன்னதில்லையேம்மா என்றான். அதில் ஓர் ஆறுதல் எனக்கு. மகனிடமும் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரியில்தான் இருந்தார்களாம். போனை நிவேதா வாங்கினாள். அவளோடு நான் அதிகம் பேசியதில்லை. சாப்பிட்டாயா, தூங்கினாயா, அவ்வளவுதான். எதிலும் அவள் அம்மா சாயல் தெரிவதால் எனக்கு வார்த்தை வராது. இன்று சாயல் ஒன்றும் தெரியவில்லை. அழுது அழுது குரலே அடையாளம் இல்லை. நேற்று பிள்ளைக்கு மூச்சு கொஞ்சம் நின்று வந்ததாம். நர்ஸ் ஓடி வந்தாளாம். என்னிடம் மறைத்திருக்கிறார்கள்.

“அத்தை, அந்தப் பேரோட மாமா எத்தனை வயசு வரைக்கும் இருந்தாங்க?”

“எழுபத்தி ஒண்ணு.”

ஏதோ மெஷின் சத்தம் மட்டும் கேட்டது, விட்டு விட்டு.

“சரி அத்தை” என்றாள். வைத்துவிட்டாள்.

என்ன சரி என்று தெரியாமல் சாயங்காலம் வரை வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்தேன்.

புரட்டாசி 11, சனி

பெருமாளுக்கு விரதம். துளசி பறித்துத் தளிகை போட்டேன்.

அவர் பெயரையே எழுதிக் கொடுத்துவிட்டார்கள். நிவேதாதான் சொன்னாளாம். குமரேசன் யோசித்தானாம், உன் அம்மா வருத்தப்படுவார்களே என்று. இவள் கேட்கவில்லையாம்.

அஞ்சலையைக் கூப்பிட்டுச் சொன்னேன். கொழும்பார் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். மிளகா வீட்டில் ஆள் இல்லை, மறுபடி போனேன்.

சாயங்காலம் ச.அம்மா போன். எடுக்கும்போது கொஞ்சம் நிமிர்ந்துதான் எடுத்தேன்.

“பெருமாள் பேருன்னு சொன்னீங்களே சம்பந்தி.”

அதற்கு மேல் அதை நீட்டவில்லை. குழந்தை நன்றாக வந்தால் போதும், எந்தப் பெயராக இருந்தால் என்ன என்றார். என் மகன் சொன்ன அதே வார்த்தை. ஆனால் இவர் சொன்னபோது நம்ப முடியவில்லை. அப்புறம் குரல் இறங்கிற்று. “எனக்கு ஒரே பொண்ணு. செல்வத்துக்கும் கூடப் பொறந்தவங்க யாரும் இல்ல. பந்தலார்ங்கறது எங்களோட சரி.”

ஜெயித்தவர்களுக்குச் சந்தோஷம் எவ்வளவு நேரம் இருக்கும் என்று தெரியவில்லை. எனக்கு அதுவரைக்கும்தான் இருந்தது. வாசல் பலகை இருக்கிறதே சம்பந்தி என்றேன். ஆறுதலுக்குத்தான் சொன்னேன். குத்தல் மாதிரி போய் விழுந்தது.

புரட்டாசி 12, ஞாயிறு

தூறல். வெங்காயம் சேர்த்து வைக்கிற பட்டறைக்கு ஓலை மாற்ற வேண்டும். ஒரு பக்கம் ஒழுகுகிறது.

நிவேதா பேசினாள். மூச்சு நிற்கவில்லை இரண்டு நாளாக. பாலும் கொஞ்சம் போகிறதாம். கண்ணாடிப் பெட்டி மேல் பெயர் எழுதி ஒட்டியிருக்கிறார்களாம், யாழினி, அதன் பின்னால் அவர் பெயர். ஆனால் நர்ஸுகளுக்கு வாயில் வரவில்லையாம். ஒவ்வொருத்தி ஒவ்வொரு விதமாகக் கூப்பிடுகிறாளாம். சரியாக எப்படிச் சொல்வது என்று நம் குரலில் வேண்டுமென்று கேட்டார்களாம். பெட்டிக்குப் பக்கத்திலும் போட்டுக் காட்டலாமாம், வீட்டுக் குரல் கேட்டால் பிள்ளைகளுக்கு நல்லதாம்.

“அம்மா நாளைக்குக் காலைல அனுப்பறேன்னாங்க அத்தை. டீச்சர்ல, தெளிவா சொல்லுவாங்க. நீங்க யாழினின்னு மட்டும் கூப்பிட்டு அனுப்புங்க. போதும். முழுப் பேரு சொல்ல மாட்டீங்கன்னு அவரு சொன்னாரு.”

நல்ல பெண். என்னைச் சங்கடப்படுத்தக் கூடாது என்று சொல்கிறாள். சரிம்மா என்றேன்.

முழுப்பெயரும் அரியலூரிலிருந்து போகும். என் வீட்டுப் பெயர், என் மனிதர் பெயர், பந்தலார் வீட்டு வாயிலிருந்து என் பேத்தி காதில் விழும். என்னிடமிருந்து பாதி.

புரட்டாசி 13, திங்கள்

விடிந்ததும் சோளக்கொல்லைக்குப் போனேன். பயிர் தோளுக்கு மேல். ஆள் தெரியாது. போனில் குரல் பதிகிற பொத்தானை அமுக்கிப் பிடித்துக்கொண்டேன். யாழினி என்றேன். அதற்கு மேல் வரவில்லை. விட்டேன். மறுபடி யாழினி. மறுபடி வரவில்லை. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது. ஏதோ தப்புப் பண்ணப் போகிற மாதிரி சுற்றிலும் பார்த்தேன். ஒரு மயில் மட்டும்.

கேட்டால் அவர் என்ன சொல்வார் என்று யோசித்தேன். ஒன்றும் சொல்ல மாட்டார். மூக்கைத் தடவிக்கொள்வார்.

ச.அம்மா இந்நேரம் குளித்து, சேலை கட்டி, தொண்டையைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்திருப்பார் என்று நினைத்தேன். வந்துவிட்டது.

யாழினி குப்புசாமி. யாழினி குப்புசாமி. மூன்றாவது தடவை குப்புசாமி மட்டும் சொன்னேன். அது பேத்திக்கு இல்லை. அழிக்கத் தெரியவில்லை, அதுவும் சேர்ந்தே போய்விட்டது.

நிவேதா உடனே பார்த்துவிட்டாள். அங்கே இன்னும் இருட்டுத்தான், தூங்கவில்லை போலிருக்கிறது. போட்டுக் கேட்டாளாம். அழுதாளாம். அவள் அம்மா இன்னும் அனுப்பவில்லையாம்.